செக்ரோலும் செயலியும்

விண்டோஸ் 10க்கான வழமையான பராமரிப்பை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பழைய கணினியை வைத்துக்கொண்டு ரியூஷன் வகுப்பு, தொழிற்சங்கக் காரியாலயம், சிறுகடை என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள்: புதிது வாங்கலாம், லினக்ஸுக்கு மாறலாம், கணினியையே விட்டுவிட்டுக் கைப்பேசியோடு நின்றுவிடலாம். எந்த வழியில் போனாலும், அன்றாட வேலைகளைக் குறித்து வைக்க எளிமையான செயலி எது என்ற கேள்வி எழும். நல்ல செயலியைத் தேடுவதற்கு முன், எழுதியது நம் கையில் இருக்குமா என்று பார்ப்பதே முறை.

எளிமை மட்டும் ஒரு செயலியைக் காப்பாற்றாது. அஸ்ட்ரிட் என்ற வேலைப் பட்டியல் செயலியை யாஹூ 2013இல் வாங்கி அதே ஆண்டிலேயே மூடியது. பலரும் விரும்பிய வுண்டர்லிஸ்ட்டை 2015இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. 2020 மே 6ஆம் திகதி அதுவும் நின்றுபோனது. இரண்டுமே கையாள இலகுவானவை. எதிர்ப்பக்கத்தில், ஜீனா ட்ரபானி 2006இல் முன்வைத்த 'டூடூ.டிஎக்ஸ்டி' முறை ஒரு செயலியே அல்ல. சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் வரிக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். விண்டோஸில் எழுதியது லினக்ஸிலும் திறக்கும், கைப்பேசியிலும் திறக்கும். எந்தக் கொம்பனி மூடுவிழா நடத்தினாலும் அந்தக் கோப்புக்குச் சேதமில்லை.

சாதாரணத் தாளில் வேலையைக் குறித்து வைப்பது மலையகத்துக்குப் புதிய சங்கதி அல்ல. விடியற்காலையில் தொழிலாளரைக் கூட்டும் பெரட்டில் யார் கொழுந்துக்கு, யார் கவ்வாத்துக்கு, யார் புல்லுவெட்டுக்கு என்று பிரித்துவிட்டு, அதைச் செக்ரோல் என்ற வரவேட்டில் ஏற்றுவது தோட்டத்தின் வேலை மேலாண்மை. இடப்பக்கம் பெயர்கள், மேலே திகதிகள், ஒவ்வொரு கட்டத்திலும் முழுநாள் வேலையான முழுப்பேரா, அரைநாளான அரைப்பேரா என்ற குறி. தாள் ஒன்றில் ஒரு மாதம் முழுவதும் தெரியும். படிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு பார்வையில் விளங்கும். அதை ஏன் புகழ வேண்டும், அது தொழிலாளியை அடக்கி வைத்த ஏடுதானே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். தோட்டத் தொழிலாளருக்கான 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 60 ரூபாய். அந்த 60 ரூபாய்க்கு 75 வீத வரவு வேண்டியிருந்தது. அப்படியிருக்க, ஒரு கட்டத்தில் முழுப்பேர் அரைப்பேராகக் குறைந்திருந்தால் இழப்பு அந்த ஒரு நாளோடு நிற்காமலும் போயிருக்கலாம். ஏடோ கந்தோரில் கிடந்தது. பேருக்குரியவரின் கையில் அதன் பிரதி இல்லை. ஆகவே பழுது கட்டம் போட்ட தாளில் இல்லை, அது யாரிடம் இருந்தது என்பதில்தான். இன்றைய செயலிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். பட்டியல் நம்முடையது, ஏடு அவர்களுடையது. ஏட்டை வைத்திருக்கும் துரை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வெறும் எழுத்துக் கோப்பு நேரத்துக்கு மணியடிக்காதே என்பார்கள். உண்மை. ஆனால் மணியடிக்கக் கைப்பேசியின் கடிகாரமும் நாட்காட்டியும் இருக்கின்றன. வேலையை நினைவில் வைப்பதும் நேரத்தை நினைவூட்டுவதும் ஒரே செயலியில் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலுபேர் சேர்ந்து வேலை செய்யும் காரியாலயத்துக்குக் கோப்பு போதாது என்ற வாதம் இன்னும் வலுவானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருவர் முடித்த வேலையை மற்றவர் அப்போதே பார்க்க வேண்டுமென்றால் இணையச் செயலி தேவை. அப்போதும் தெரிவுக்கு ஒரு சோதனை வைக்கலாம்: முதல் நாளே சில வேலைகளை எழுதி, முழுப் பட்டியலையும் வெளியே எடுத்துப் பார்ப்பது. கூகுள் டாஸ்க்ஸில் எழுதியதை அந்நிறுவனத்தின் 'டேக்அவுட்' சேவை வழியாக இறக்கிக்கொள்ளலாம். வெளியே எடுக்க வழியே இல்லாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சிக்னல் பிடிக்காத பள்ளத்து லயங்களில் இணையம் இல்லாமல் திறக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது.

இலங்கையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கணக்காகப் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் இங்கே ஏராளம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகக் காட்சி தரும். எந்தச் செயலிக்கு மாறினாலும் இது தீராது. பழைய கணினியைக் கழற்றி மூலையில் போடுவதற்கு முன்னரே, பட்டியல்களை யூனிகோட்டுக்கு மாற்றிச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்துவிட வேண்டும். மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இடையிடையே ஆங்கிலத்தில் அடித்த பெயர்களையும் முகவரிகளையும் அவை பாமினி என்றே எண்ணித் தமிழாக்கிச் சிதைத்துவிடும். அந்த வரிகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.