பட்டம் பெற்ற பின்: மேற்படிப்பும் குடும்பத்தின் நாணயமும்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே குடிபுகுகின்றன. மகனோ மகளோ பட்டம் பெற்றது மகிழ்ச்சி. மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா, படிப்பதாயின் பணத்திற்கு யாரை நாடுவது என்பது கவலை. தறியில் அமர்ந்து வாரக் கூலி பெறுபவருக்கும், அறுவடையை எதிர்நோக்கி இருப்பவருக்கும் இக்கேள்வி ஒன்றே.

மேற்படிப்பு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அதற்காகக் கடன் வாங்குதலும் குற்றமன்று. எந்தக் கடனும், அது பயன் தரும் காலத்திற்கு ஏற்ற தவணையைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

கடனுக்கும் காலம் உண்டு

நூலுக்காக வாங்கிய கடன், நெய்த சேலை விலை போனதும் திரும்புகிறது. பயிர்க் கடன், விளைச்சல் வீடு வந்ததும் திரும்புகிறது. படிப்போ அவ்வாறன்று. ஈராண்டுப் படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, முதற் சம்பளம் கைக்கு வர மூன்று ஆண்டுகளேனும் ஆகக்கூடும்.

சங்கங்களைப் பார்வையிடுங்கால், தவணை தவறிய பயிர்க் கடனுக்குக் காரணம் வினவுவது நம் வழக்கம். பயிர் பொய்த்தது என்பதே எப்போதும் விடையாக இருப்பதில்லை. “பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன், ஐயா” என்ற விடையையும் கேட்டிருக்கிறோம். அச்செலவு தீயதன்று, ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பயிர்க் கடனைத் தவணைக்குள் செலுத்துவோர்க்கு வட்டி இல்லை. தவணை தவறியவர் அச்சலுகையை இழக்கிறார். பாக்கி நிற்பதால் அடுத்த பருவத்திற்குப் புதுக் கடன் பெறவும் இயலுவதில்லை. விதைக்கும் உரத்திற்கும் வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். ஜாமீன் நின்ற அண்டை வயற்காரரின் முகத்தில் விழிக்கவும் கூசுகிறார். மகள் படிப்பை முடிக்குமுன் நிலம் அடமானத்திற்குச் செல்கிறது. ஒரு பருவத்திற்கு உரிய கடனை மூன்றாண்டுத் தேவைக்குத் திருப்பியதே இத்தனைக்கும் காரணம். ஓராண்டில் மீட்க வேண்டிய நகைக் கடனுக்கும் இது பொருந்தும்.

மூன்று வட்டியும் பத்து வட்டியும்

“வங்கியில் பத்து வட்டி, தெருக்கோடியில் மூன்று வட்டிக்கே கிடைக்கிறது” என்று சொல்வோர் உண்டு. வங்கியின் பத்து, ஆண்டுக்கு. தனியாரின் மூன்று, மாதத்திற்கு. அதாவது ஆண்டுக்கு 36 சதவிகிதம். 3 லட்சம் ரூபாய்க்கு மாதம் 9,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அசலில் ஒரு காசும் குறையாது.

அதே 3 லட்சத்தை 10 சதவிகித வட்டியில் வங்கிக் கல்விக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். முதலாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சம், இரண்டாமாண்டின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சம். படிப்புக் காலத்திற்கும் அதற்குப் பின் ஓராண்டிற்கும் தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி உறங்குவதில்லை. முதற் பகுதிக்கு மூன்றாண்டு வட்டி 45,000. இரண்டாம் பகுதிக்கு ஈராண்டு வட்டி 30,000. ஆகவே, தவணை தொடங்கும் நாளில் கடன் 3,75,000 ரூபாய்.

இதனை ஐந்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 7,970 ரூபாய். மொத்தம் சுமார் 4,78,000 ரூபாய். பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 4,960 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தம் சுமார் 5,95,000 ரூபாய் ஆகிவிடும். தவணை சிறுத்தால் கடன் பெருக்கும் என்பதை நினைவிற் கொள்க. படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டி வந்தால், அசல் மூன்று லட்சத்திலேயே நிற்கும். முதலாண்டில் அது மாதம் 1,250 ரூபாய், பின்னர் 2,500 ரூபாய். வாரக் கூலியில் சிறிது ஒதுக்கக்கூடிய குடும்பத்திற்கு இது எட்டாத தொகையன்று.

ஜாமீனும் சலுகையும்

வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமோ மூன்றாம் மனிதர் ஜாமீனோ வேண்டியதில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிட்டால் போதும். ஆகவே சிறு தொகைக்கு வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுதல் வேண்டா.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமித் திட்டத்தின்படி, ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்து மாணவர்க்கு, 10 லட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவிகிதம் சலுகை உண்டு. ஆயின் இது தரவரிசைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கே உரியது. பயனடைவோர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. எனவே கல்லூரியில் முன்பணம் கட்டுமுன், அது அப்பட்டியலில் உள்ளதா என்று வங்கியில் கேட்டறிதல் நலம். வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே பெற்று வைக்கவும்.

படிப்பை எடைபோடுதல்

கட்டணம், விடுதி, நூல்கள், பயணம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுக. அப்படிப்பை முடித்துச் சென்ற இருவர் மூவரைத் தேடிச் சென்று, அவர்கள் உண்மையில் பெறும் சம்பளத்தை விசாரிக்கவும். கல்லூரியின் விளம்பரம் இதற்கு ஆதாரமாகாது. தவணை அச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று. 7,970 ரூபாய்த் தவணைக்குச் சம்பளம் 24,000 ரூபாயேனும் இருக்க வேண்டும். பதினையாயிரமே கிடைக்குமெனில் அப்படிப்பையோ, கடன் தொகையையோ மறுபடி ஆராய்க.

மற்றொரு வழியும் உண்டு. முதலில் ஈராண்டு வேலை பார்த்து, மாதம் 4,000 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால், 96,000 ரூபாயும் அதன் வட்டியும் சேரும். அந்த அளவிற்குக் கடன் குறையும். வேலையை விடாமலே படிக்க விரும்புவோர்க்கு 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. காலம் சற்று நீளும், வருமானம் நிற்காது.

பெற்றோர் இக்கணக்கைத் தாமே மனத்திற் சுமந்து, பிள்ளைகளிடம் மறைப்பதைப் பல இல்லங்களில் காண்கிறோம். அது அன்பினால் செய்வது, ஆயினும் சரியன்று. பட்டம் பெற்றவர் வீட்டின் வரவு செலவை அறியத் தகுந்தவரே. அவரையும் உடன் அமர்த்தி அத்தாளை எழுதச் செய்க. அடைக்கப்போகிறவர் அவரே அல்லவா?

நம் முன்னோர் கடன் சங்கங்களுக்குச் ‘சிக்கன நாணயச் சங்கம்’ என்று பெயரிட்டனர். சிக்கனத்தை முன்னும் நாணயத்தைப் பின்னும் வைத்தனர். நாணயம் என்பது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். முன்னது குறைந்தால் ஈட்டிக்கொள்ளலாம். பின்னது குறைந்தால் மீட்பது அரிது. பிள்ளைகளின் படிப்பு உயரட்டும். அதனால் பெற்றோரின் நாணயம் தாழாதபடி அங்கத்தினர்கள் இப்போதே கணக்கிட்டு ஆவன செய்வார்களாக.