மொய் நோட்டைக் காட்டாதவர்கள்

ஆடி பிறந்தால் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து களைகட்டும். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லோரும் போய் நிற்பது ஒரு மேசை முன்னால். பெயர், ஊர், தொகை மூன்றையும் சொன்னால் நோட்டில் ஏறிவிடும். பிறகு மொய் போட்டவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதே நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்வார். வாங்கியது கடன் என்பதில் அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது.

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் 'கொள்கை ஆய்வாளர்' என்ற அடையாளத்தோடு வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது. மின் கட்டணமோ, விதைச் சட்டமோ, சீன எல்லையோ, எதைப் பற்றிப் பேசினாலும் அவர் கையில் ஓர் அறிக்கை இருக்கும். அவர் சார்ந்த 'திங்க் டேங்க்' எனப்படும் கொள்கை ஆய்வு நிறுவனம் பொருள் எதையும் விற்பதில்லை. ஆய்வாளர் சம்பளமும் அலுவலக வாடகையும் நட்சத்திர ஓட்டல் கருத்தரங்கும் யாரோ போட்ட மொய்யில்தான் நடக்கின்றன. அரசு, பெருநிறுவனம், அறக்கட்டளை, அயல்நாடு என யாரும் போட்டிருக்கலாம். நோட்டு மட்டும் நம் கண்ணில் படுவதில்லை.

பணம் வாங்குவது குற்றமல்ல. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971-ல் மால்கம் ஆதிசேசையா தொடங்கினார். இன்று அது அரசு நிதியில் நடப்பது ஊரறிந்த விஷயம். தெரிந்திருப்பதால், அரசைப் பற்றி அது எழுதும்போது எங்கே சற்று நின்று படிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. சிக்கல் மறைப்பதில் இருக்கிறது.

மறைந்திருந்தது வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வாஷிங்டனைப் பார்க்கலாம். 2014 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் சில ஒப்பந்தங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நார்வே அரசு ஓர் ஆய்வு மையத்துக்கு 50 லட்சம் டாலர் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்துக்கான செலவை இரட்டிப்பாக்கும்படி அமெரிக்க அதிகாரிகளிடம் வலியுறுத்துவதும் அந்தப் பணத்துக்கு உரிய வேலைகளில் ஒன்று. புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்கு நான்கு ஆண்டுகளில் 1.48 கோடி டாலர் தர கத்தார் 2013-ல் ஒப்புக்கொண்டிருந்தது. கத்தார் அரசைக் குறை சொல்லும் நிலைப்பாடு எடுக்கக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே தனக்குச் சொல்லப்பட்டதாக அதன் தோஹா கிளையில் இருந்த ஆய்வாளர் ஒருவர் சொன்னார். எங்கள் ஆய்வு சுதந்திரமானது என்றது நிறுவனம்.

அடுத்த ஆண்டு இன்னொன்று. உடல் பருமனுக்கு எதைத் தின்கிறோம், குடிக்கிறோம் என்பதைவிட உடற்பயிற்சி இல்லாததுதான் பெரிய காரணம் என்று பேசிவந்த ஓர் அறிவியலாளர் அமைப்புக்கு கோகோ கோலா 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. அமைப்பின் வலைத்தள முகவரியே அட்லாண்டாவில் உள்ள கோகோ கோலா தலைமையகத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. கேட்டதற்கு, எங்களுக்கு வலைத்தளம் அமைக்கத் தெரியாது என்றார் தலைவர். அந்த ஆண்டு முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, உடற்பயிற்சி நல்லது என்பது பொய்யே இல்லை. பணம் பெரும்பாலும் பொய் எழுத வைப்பதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை அது முடிவு செய்துவிடுகிறது. எழுதப்படாத அறிக்கையில் யாராலும் பிழை கண்டுபிடிக்க முடியாது.

நம் நாட்டில் அரசியல் சார்பு ஒளிவுமறைவில்லாமலே தெரியும். விவேகானந்தா சர்வதேச மையம் 2009-ல் தில்லியில் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அஜித் தோவல். 2014-ல் மோடி ஆட்சிக்கு வந்ததும் அவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். ராஜீவ் காந்தி அறக்கட்டளையின் தலைவர் சோனியா காந்தி. சீனத் தூதரகம் அதற்கு நன்கொடை கொடுத்தது என்று 2020-ல் பாஜக கிளப்பிய சண்டைக்கு ஆதாரம், அறக்கட்டளையே அச்சிட்ட 2005-06 ஆண்டறிக்கை. அவர்கள் அச்சிடாமல் விட்டிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. 1990-ல் தொடங்கிய அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷனுக்கு நெடுங்காலம் பெரும்புரவலர் ரிலையன்ஸ்.

சட்டம் எங்கே நிற்கிறது? அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுப் பணத்தை மட்டும் பார்க்கிறது. அதையும் அரசு பார்த்தால் போதும், குடிமக்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்கள் போலும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற விதியை 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் நீக்கியது. தன் வலைத்தளத்தில் இருந்த தொண்டு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளையும் அப்போதே எடுத்துவிட்டது. 1973 முதல் இயங்கும் கொள்கை ஆராய்ச்சி மையத்தின் வெளிநாட்டு நிதி பெறும் உரிமம் 2023 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்தானது. ஊழியர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். குழாயைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவரை விமர்சித்து எழுத இனி எத்தனை நிறுவனங்களுக்குத் துணிச்சல் வரும்? உள்நாட்டுப் பணத்துக்கோ, கொடுத்தவர் பெயரை வெளியிடும் கட்டாயமே பொதுவாக இல்லை. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிக்கு யோசனை எழுதித் தருகிறவர்கள் வரை அந்தத் தீர்ப்பு எட்டவில்லை.

ஆனாலும் நாம் தட்டிப் பார்க்கச் சில கதவுகள் உண்டு. நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவானதென்றால், கம்பெனி விவகார அமைச்சக வலைத்தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் கணக்குகளைப் பார்க்கலாம். நன்கொடையாளர் பெயர் எப்போதும் இருக்காது. இயக்குநர்கள் யார், வருமானத்தில் நன்கொடை எவ்வளவு என்பது தெரியவரும். கொடுத்தவர் பக்கமிருந்தும் தேடலாம். சமூகப் பொறுப்பு நிதி யாருக்குப் போனது என்று பல பெரிய கம்பெனிகள் தங்கள் ஆண்டறிக்கையிலேயே போடுகின்றன.

அரசுப் பணம் கணிசமாக வாங்கும் தொண்டு நிறுவனங்களும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மற்றவற்றுக்கு, கேள்வியை அரசுத் துறையிடம் கேளுங்கள்: இந்தக் கொள்கை வரைவைத் தயாரித்தது எந்த நிறுவனம், அதற்குக் கொடுத்த தொகை எவ்வளவு? 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. மத்தியச் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்ற 2014-ம் ஆண்டுக் கொள்கையும் இருக்கிறது. அது பலமுறை மீறப்படுகிறது என்பது வேறு கதை. கருத்து அனுப்பும்போது, இந்த வரைவுக்கு ஆதாரமான ஆய்வுக்கு நிதி கொடுத்தது யார் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

வெறும் டிரஸ்டாகப் பதிவானவற்றுக்கு அந்த 100 ரூபாய்க் கதவும் கிடையாது. அவர்களுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம்.