சுழியக் கோட்டோடு ஏறி இறங்கும் கிராமம்

சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலி எல்லையை ஒட்டி, சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது செர்மாட் கிராமம். பெட்ரோல் கார்களுக்கு அங்கே இடமில்லை. இரயிலில் போய் இறங்கினால், சிறிய மின்வண்டிகள்தாம் நம்மை வரவேற்கும். நிமிர்ந்து பார்த்தால் 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹோர்ன் சிகரம். பனிச்சறுக்கு குளிர்கால விளையாட்டு என்றுதானே நினைக்கிறோம்? செர்மாட்டில் ஜூலை மாதத்திலும் சறுக்குகிறார்கள்.

காரணம் உயரம். கோலாலம்பூரில் வியர்த்து வழிந்துவிட்டு கெந்திங் மலைக்குப் போனவர்கள் இதை உடம்பாலேயே உணர்ந்திருப்பீர்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று கணக்கிடலாம். கிராமத்திலிருந்து கம்பிவட வண்டியில் ஏறினால் 3,883 மீட்டர் உயரமுள்ள ‘சிறிய மேட்டர்ஹோர்ன்’ உச்சிவரை செல்லலாம். கீழே 15 பாகை இருக்கும் நாளில் மேலே நீர் உறையும் குளிர்!

அப்படியானால், இடையில் ஏதோ ஓர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை சரியாக 0 பாகையைத் தொடும். அதை வானிலை ஆய்வாளர்கள் ‘சுழியப் பாகைக் கோடு’ என்பர். அதற்கு மேலே பனி. அதற்கு வெகு கீழே மழை. இந்தக் கோடு எங்கே நிற்கிறது என்பதுதான் செர்மாட்டின் ஆண்டு அட்டவணை.

குளிர்காலத்தில் அது பெரும்பாலும் கிராமத்துக்கும் கீழே இறங்கிவிடும். வீட்டுக் கூரைகளெல்லாம் வெள்ளை. வசந்தத்தில் பகலில் மேலேறும், இரவில் கீழிறங்கும். பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, அரிசி மணிகளைப் போல உருளைக் குருணைகளாகிறது. அதனால் காலையில் தரை கெட்டியாக இருக்கும், பிற்பகலில் கூழாகிவிடும். ஈரப்பனி கனத்துச் சரியும் அபாயமும் அப்போதுதான். ஏப்ரலில் போகிறவர்கள் சீக்கிரம் எழுந்துவிட வேண்டும்.

கோடையில் சறுக்குவதற்கு மிஞ்சுவது தியோடுல் பனியாறு மட்டுமே. பல நூற்றாண்டுப் பனி அழுந்தி உருவான ஐஸ் அது. 2022 ஜூலை 25 அன்று சுழியக் கோடு 5,184 மீட்டருக்கு ஏறியது. மேட்டர்ஹோர்ன் உச்சியையும் தாண்டி 700 மீட்டர்! அந்த மாத இறுதியிலேயே செர்மாட்டில் கோடைச் சறுக்கு நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் 5,298 மீட்டர் என்று அந்தச் சாதனையும் உடைந்தது. இவ்விரு ஆண்டுகளில் மட்டும் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 2022 வசந்தத்தில் சஹாரா பாலைவனத்துத் தூசியும் பறந்து வந்து பனிமேல் படிந்திருந்தது. புதுப்பனி சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். அழுக்கடைந்த பனி அதை விழுங்கிச் சூடாகும்.

இலையுதிர்காலத்தில் பனிப்பீரங்கிகள் வேலையைத் தொடங்குகின்றன. நீரை நுண்துளிகளாகப் பீய்ச்சினால், அவை தரையைத் தொடுமுன் உறைய வேண்டும். காற்று வறண்டிருந்தால் துளியின் ஒரு பகுதி ஆவியாகி, மீதித் துளியின் வெப்பத்தையும் எடுத்துச் சென்றுவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் திண்டாடுகிறோமே, அதற்கு நேர் எதிர். எனவே வெப்பமானி 0 பாகையைச் சற்றுத் தாண்டினாலும், வறண்ட காற்றில் பனி செய்ய முடியும்.

இன்னும் வெப்பமான நாளுக்கும் ஒரு வழி உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று தயாரித்த கருவியை 2008-இல் செர்மாட் வாங்கியது. அதனுள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், குறைந்த அழுத்தத்தில் நீரில் ஒரு பகுதி வேகமாக ஆவியாகும், மற்றது உறைந்துவிடும். வெளியே வெயில் அடித்தாலும் கவலையில்லை. ஆனால், மின்சாரம் செலவாகும். ஓடுபாதைக்குப் பனி போடலாம். ஒரு பனியாற்றைச் செய்ய முடியாது.

அந்தப் பனியாறு மெலிந்ததில் நாட்டின் எல்லையே நகர்ந்திருக்கிறது. தியோடுல் பகுதியில் சுவிஸ்-இத்தாலி எல்லை, உருகும் நீர் எந்தப் பக்கம் வழிகிறது என்பதைப் பொறுத்தது. ஐஸ் குறைந்ததும் அந்த நீர்பிரி கோடு இடம் மாறிவிட்டது. 2023-இல் இரு நாட்டு அதிகாரிகளும் புதிய எல்லைக்கு இணங்கினர். மறு ஆண்டு சுவிஸ் அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.