பூச்சி கடிக்காத இலை நல்ல இலையா?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையோரப் புது அடுக்குமாடி வளாகங்களில் புல்தரை பச்சைப்பசேலென்று இருக்கும். மதிலோரம் கோனோகார்பஸ் வரிசை. அதன் இலைகளில் பூச்சி கடித்த ஓட்டை அபூர்வம். பராமரிப்பாளருக்கு அது பெருமை. எனக்கென்னவோ அதுதான் குறை.

ஏன் கடிப்பதில்லை? செடிகள் தற்காப்புக்காக இலையில் வேதிப்பொருள்களை வைத்திருக்கின்றன. அவற்றைச் செரிக்கும் திறன் பெரும்பாலும் அந்தச் செடியோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த புழுவுக்கே வாய்க்கிறது. ஆவாரை இலையைக் கூர்ந்து பாருங்கள்: அதே பச்சையில் ஒரு புழு நடுநரம்போடு ஒட்டிக் கிடக்கும். சில வாரங்களில் அது வெளிர்நிற வண்ணத்துப்பூச்சி. அதற்குள் தையல்சிட்டு கொத்திப்போனால் குஞ்சுக்கு இரை. கோனோகார்பஸ் போன்ற அயல்நாட்டுச் செடியில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது.

அதனால் நாட்டு வகைகளையே நடலாம். மரமென்றால் புங்கன் நல்ல தேர்வு. கடலோர உப்பையும் வறட்சியையும் தாங்கும்; வேர்முடிச்சு பாக்டீரியாக்களால் மண்ணில் நைட்ரஜனும் சேரும். 2016 வர்தா புயலில் சென்னையில் ஏராளமாகச் சாய்ந்தவை குல்மோகர் போன்ற அயல் மரங்கள்.

ஆனால் நாட்டு மரம் என்பதற்காக எங்கும் தேறிவிடாது. கட்டட இடிபாட்டின் மேல் அரையடி செம்மண் பரப்பி நட்டால் புங்கனும் திணறும். மூன்றடிக் குழி வெட்டி, சிமெண்ட் கட்டிகளைப் பொறுக்கியெடுத்த பிறகே நடச் சொல்லுங்கள்.