முனகலிலிருந்து பிறந்த கருவி

குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகள், பிறந்த கொஞ்ச நேரத்திலேயே முனக ஆரம்பித்துவிடும். மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள்ளிருந்து 'ம்ஹ்... ம்ஹ்...' என்று ஒரு சத்தம். பசியில் சிணுங்குகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் அதை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். துணியை விலக்கி நெஞ்சைப் பார்ப்பார். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுக்கிறதா, நெஞ்செலும்பின் கீழ்முனையில் குழி விழுகிறதா, வயிறு எழும்பும்போது நெஞ்சு அமுங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகல் ஸ்டெதாஸ்கோப் வைத்தால்தான் கேட்கிறதா, வெறும் காதுக்கே கேட்கிறதா என்று கவனிப்பார். ஐந்து அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏற ஆபத்து. வில்லியம் சில்வர்மேனும் டோரத்தி ஆண்டர்சனும் 1956-ல் வெளியிட்ட கணக்கு இது. ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வந்து சேருவதற்கு முன்பே முடிவெடுக்க உதவுவதால் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அந்த முனகல், உண்மையில், குழந்தை தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியம். அது மருத்துவர்களுக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

நம் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் உட்புறம் ஈரமானவை. ஈரம் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்ட இழுக்கும். அப்படி ஒட்டாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள். கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலில் இது போதிய அளவு சுரக்க ஏறக்குறைய 34, 35 வாரம் ஆகிவிடும். அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு, மூச்சை வெளியே விட்டதும் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. புது பலூனில் முதல் ஊதுக்கு எவ்வளவு தம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பாதி ஊதிய பலூனில் மேலும் காற்றேற்றுவது சுலபம். சர்ஃபாக்டன்ட் இல்லாத குழந்தை ஒவ்வொரு மூச்சிலும் புது பலூனை ஊதுகிறது, நிமிடத்துக்கு 60, 70 தடவை. அதனால்தான் வெளியே விடும் மூச்சைத் தொண்டையில் பாதி அடைத்து, கொஞ்சம் காற்றை உள்ளேயே நிறுத்திவைக்கப் பார்க்கிறது. அந்த அடைப்பின் சத்தம்தான் முனகல். ஒரு கட்டத்தில் குழந்தை களைத்துப்போகும். முனகல் நிற்கும். விவரம் தெரியாதவர்கள் 'அப்பாடா, சிணுங்கல் நின்றது' என்று ஆறுதல் அடையும் அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

இறந்த குழந்தைகளின் நுரையீரலை அறுத்துப் பார்த்தவர்கள், உள்ளே கண்ணாடி போன்ற ஒரு சவ்வு படிந்திருப்பதைக் கண்டு அதுவே நோய் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இருக்கும் சவ்வு விளைவுதான், இல்லாமற்போன சர்ஃபாக்டன்ட்தான் காரணம் என்று 1959-ல் காட்டியவர் மேரி எல்லன் ஏவரி. பாஸ்டனில் ஜெரி மீட் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வு அது. காரணம் தெரிந்துவிட்டது, கையில் வைத்தியம் இல்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்கூட்டிய பிரசவம். எடை சுமார் 2.1 கிலோ. இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்கூடப் பதறாமல் கையாளும் எடை. ஒரு நாட்டின் அதிபருடைய பிள்ளைக்கே அன்று கொடுக்க முடிந்தது, காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்து ஆக்ஸிஜன் மட்டுமே. பேட்ரிக் என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தை 39 மணி நேரமே உயிரோடு இருந்தது.

திருப்பம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. கேப் டவுனில் ஹாரிசனும் சகாக்களும் 1968-ல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள். முனகும் குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் போட்டால், தொண்டையை அடைக்க முடியாமல் முனகல் நின்றுவிடுகிறது. கூடவே ரத்தத்தில் ஆக்ஸிஜனும் இறங்குகிறது. டியூபை எடுத்தால் முனகல் திரும்புகிறது, ஆக்ஸிஜனும் ஏறுகிறது. குழந்தை செய்ய முயல்வதை நாமே அதற்குச் செய்து கொடுத்தால் என்ன? சான் ஃபிரான்சிஸ்கோவில் மயக்கவியல் மருத்துவர் ஜார்ஜ் கிரெகரி அதைத்தான் செய்தார். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் விடாமல் லேசான காற்றழுத்தம். 1971-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த அவரது கட்டுரையில் 20 குழந்தைகள். 16 பேர் பிழைத்தார்கள். 1,500 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள 10 பேரில் 7 பேர் பிழைத்தார்கள் என்பது அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத செய்தி. இரண்டே ஆண்டுகளில் மூக்கு வழியாகவே இதைக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. அதுதான் சி-பாப்.

அதிலும் எளிமையானது பப்பிள் சி-பாப். காற்றும் ஆக்ஸிஜனும் கலந்து, சூடும் ஈரமும் ஏற்றப்பட்டு, நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டர் வேகத்தில் ஒரு குழாயில் வரும். குழந்தையின் மூக்கில் இரண்டு குட்டைக் குழல்கள், 'பிராங்ஸ்' என்பார்கள். வெளியேறும் குழாயின் நுனி ஒரு தண்ணீர்க் குப்பிக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இறங்கி நிற்கும். அந்த 5 சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று குமிழி குமிழியாக வெளியேற முடியும் என்பதால், கிட்டத்தட்ட அதே அழுத்தம் குழந்தையின் நுரையீரலுக்குள்ளும் நிற்கும். அழுத்தம் கூட்ட வேண்டுமானால் குழாயை 6 சென்டிமீட்டருக்கு இறக்கினால் போதும்.

இவ்வளவு எளிய கருவிக்கு இவ்வளவு வேலையா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். குப்பியில் குமிழி நின்றுபோனால் எங்கோ கசிவு என்று பொருள்: குழந்தை வாயைத் திறந்திருக்கும், அல்லது பிராங்ஸ் நழுவியிருக்கும். பிராங்ஸ் தளர்ந்தால் அழுத்தம் போய்விடும். இறுக்கிப் பொருத்தினால் இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தண்டு புண்ணாகி, கறுத்து, சில குழந்தைகளுக்கு அழிந்தே போகும். அந்தத் தண்டுக்கும் பிராங்ஸுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். தலையில் மாட்டிய குல்லாய் சற்றுப் பெரிதானாலும் குழாய்கள் ஆடி அந்த இடைவெளி கெட்டுவிடும். குழாய்க்குள் சேரும் நீர்த்துளிகளை வடிக்க வேண்டும். காற்று இரைப்பைக்கும் போய் வயிறு உப்பும். ஆகவே வாய் வழியே இரைப்பைக்கு ஒரு மெல்லிய டியூப் போட்டு மறுமுனையைத் திறந்து வைக்க வேண்டும். சளியை உறிஞ்ச வேண்டும், மூக்கு காய்ந்துவிடாமலும் பார்க்க வேண்டும். இத்தனையையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பாராமல், ஒவ்வொரு குழந்தைக்கும் செய்ய வேண்டும்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென்-டியன் வுங் என்ற மருத்துவர் இந்த வேலையை ஒரு தவம்போலவே செய்தார். மற்ற இடங்களில் குழந்தை கொஞ்சம் தடுமாறியதும் வென்டிலேட்டரில் போட்டார்கள். அவர் பிறந்ததுமே மூக்குக் குழல்களும் தண்ணீர்க் குப்பியும் வைத்து, பொறுமையாகக் காத்திருந்தார். 1987-ல் மேரி எல்லன் ஏவரி அமெரிக்காவின் எட்டு மையங்களை ஒப்பிட்டு எழுதியபோது, நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது கொலம்பியாவில்தான். 'எங்களிடம் இத்தனை வென்டிலேட்டர்கள்' என்று விளம்பரப் பலகையில் எண்ணிக்கை போடும் மருத்துவமனைகள் நம்மிடம் உண்டு. எத்தனை குழந்தைகளை வென்டிலேட்டருக்குப் போகாமல் காத்தீர்கள் என்று கேட்பதே சரியான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

சி-பாப் குறையே இல்லாதது என்றும் சொல்லக் கூடாது. 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகளிடம் செய்து 2008-ல் வெளியான 'காயின்' ஆய்வில், சி-பாப் பெற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டவர்களில் அது 3 சதவீதம்தான். சி-பாப் பெற்றவர்களில் பாதிக்கும் சற்றே குறைவானவர்களுக்குப் பின்னர் டியூபும் தேவைப்பட்டது. சி-பாப் போதவில்லை என்பதைக் காலத்தே கண்டுபிடிக்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஏழை நாடுகளின் அனுபவம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவியில், பிளான்டையர் நகரின் குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனைக்காக, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்புகளை வைத்து ஒரு பப்பிள் சி-பாப் செய்தார்கள். முதல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் செருப்புப் பெட்டிக்குள் அடங்கியது. 'புமானி' என்று பெயர். 2014-ல் வெளியான முடிவு: மூச்சுத்திணறலோடு வந்த பச்சிளங்குழந்தைகளில், ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம் பிழைத்தார்கள், புமானி பெற்றவர்களில் 71 சதவீதம். 87 குழந்தைகளைக் கொண்ட சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்ததும் அல்ல. ஆனாலும் அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க யாராலும் முடியாது. மலாவி அரசு மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கருவியைக் கொண்டுபோனது. அங்கே பலன் கிடைத்தது, பிளான்டையர் அளவுக்கு இல்லை. உடல் குளிர்ந்துபோய் வந்து சேர்ந்த குழந்தைகள் பலர் கருவி இருந்தும் தேறவில்லை. வழியில் கதகதப்பாக வைத்துக் கொண்டுவர ஒருவர் இல்லாததை மூக்கில் மாட்டும் குழல் ஈடுகட்டாது.

பச்சிளம் பருவத்தைத் தாண்டிய குழந்தைகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. வங்கதேசத்தின் டாக்காவில் மருத்துவர் முகமது ஜொபாயர் சிஷ்டி, ஷாம்பு பாட்டிலையே தண்ணீர்க் குப்பியாக்கி, கடும் நிமோனியா கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பப்பிள் சி-பாப் கொடுத்தார். 2015-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. சாதாரண ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 15 சதவீதம் இறந்தார்கள், பப்பிள் சி-பாப் பெற்றவர்களில் 4 சதவீதம். நான்கு ஆண்டு கழித்து மலாவியின் சலிமா மாவட்ட மருத்துவமனையிலிருந்து இன்னொரு முடிவு. நிமோனியாவோடு எச்.ஐ.வி., சத்துக்குறைவு, மிகக் குறைந்த ஆக்ஸிஜன் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்த குழந்தைகள். ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 11 சதவீதம் இறந்தார்கள், சி-பாப் பெற்றவர்களில் 17 சதவீதம். டாக்காவில் மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள்; சலிமாவில் தினமும் வந்து பார்க்கும் மருத்துவர் இல்லை. குழந்தைகளின் நோயும் ஒன்றல்ல என்பதால் மொத்த வித்தியாசத்தையும் ஆள் பற்றாக்குறையின் மேல் போட முடியாது. ஆனாலும், கருவி வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு நர்ஸ் பணியிடங்களைக் காலியாகவே விடும் நிர்வாகிகள் யாராக இருந்தாலும் சலிமாவின் அறிக்கையை ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஆக்ஸிஜனையும் தனியே பேச வேண்டும். 'ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க' என்றால் நமக்கு ஒரு தெம்பு வருகிறது. குறைமாதக் குழந்தைக்கு அது அளந்து கொடுக்க வேண்டிய மருந்து. 1940-களிலும் 50-களிலும் இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்ஸிஜன் விட்டதில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தார்கள். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்துவிடும். பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் குறைமாதத்தில் பிறந்து பார்வையை இழந்தது இப்படித்தான். அதனால்தான் சி-பாப்பில் ஆக்ஸிஜனைக் காற்றோடு கலக்கும் பிளெண்டர் ஆடம்பரம் அல்ல. குழந்தையின் கையிலோ காலிலோ கட்டியிருக்கும் கருவி காட்டும் ரத்த ஆக்ஸிஜன் அளவு 90-க்கும் 95 சதவீதத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். ஆக்ஸிஜன் பெறும் குழந்தைக்கு 99, 100 என்று காட்டினால் மகிழ்வதற்கில்லை. ஆக்ஸிஜனைக் குறைக்க வேண்டும்.

இது எங்கோ நடந்த கதை அல்ல. 1996-ல் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆக்ஸிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையிழந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூலையில் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று பெற்றவர்கள் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேட்க வேண்டும்.

பெற்றவர்கள் என்றதும் நம் மருத்துவமனைகளின் தாழ்வாரங்கள் நினைவுக்கு வருகின்றன. 'குழந்தையைப் பெட்டியில வெச்சிருக்காங்க' என்று சொல்லிக்கொண்டு, தையல் ஆறாத தாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். தொற்று வரும் என்பது அவளை வெளியே நிறுத்தக் காரணம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், தாயை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தது. தாய்க்கும் உள்ளேயே படுக்கை போட்டு, எடை குறைந்த குழந்தையைப் பிறந்தது முதலே அவள் மார்போடு தோல் பட வைத்தார்கள். குழந்தையின் உடல்நிலை சீராகும்வரை காத்திருக்கவில்லை. இந்தியாவில் இது நடந்தது டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையில். முதல் 28 நாளில் இறப்பு, வழக்கமான முறையில் பராமரித்த குழந்தைகளிடம் 15.7 சதவீதம், இவர்களிடம் 12 சதவீதம். இனியும் ஒரு தரப்புக்கு இதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அம்மாவின் மார்பில் படுத்திருக்கும்போதும் குழந்தையின் மூக்கில் சி-பாப் இருக்கலாம். குமிழி நின்றதையும் பிராங்ஸ் நழுவியதையும் முதலில் பார்த்துச் சொல்லவும் அவளால் முடியும். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளில் இரண்டும் இடம்பெற்றுவிட்டன: 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு உடனே சி-பாப், எடை குறைந்தவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தாயின் அரவணைப்பு. முதலாவதற்கு டெண்டர் போட வேண்டும். இரண்டாவதற்கு, குழந்தைகள் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் போட இடம் ஒதுக்கி, கதவைத் திறந்துவிட வேண்டும்.