உங்களுக்குத் தெரியுமா? வட்டத்துக்குள் ஒரு கடை

கூரையில் கவிழ்த்து ஒட்டிய சிறு தட்டு மாதிரி இருக்கும். தலையைத் திருப்பாது, மோட்டார் ஓசை இருக்காது. ஆனால் அறையின் நாலு மூலையும் அதற்குத் தெரியும். அதுதான் மீன்கண் கேமரா. வாங்கிப் பொருத்துவது எளிது. அதில் எந்தக் காட்சி முறையில் பார்ப்பது, எதைப் பதிவு செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குமரி மாவட்டம் சிதறாலில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் என் சித்தப்பாவின் கடையில் இதை நேரில் பார்த்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

●

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? குளத்தில் முங்கி, கண்ணைத் திறந்து மேலே பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரியும். படித்துறை, கரைத் தென்னை, வானம் எல்லாம் தலைக்கு மேல் ஒரே வெளிச்ச வட்டத்துக்குள் சுருண்டு நிற்கும். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலே 180 பாகையில் விரிந்து கிடக்கும் உலகம் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. மீன் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் என்று காட்ட, அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் தண்ணீர் நிரப்பிய வாளியையே கேமராவாக்கிப் படம் எடுத்தார். ‘மீன்கண்’ என்ற சொல்லை 1906-ல் தன் கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

●

பள்ளித் தாவரவியலில் ‘ஹில் வினை’ படித்திருப்பீர்கள். ஒளிச்சேர்க்கை ஆய்வில் அழியாத பெயர். அதே ராபின் ஹில்தான் 1924-ல் வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் லென்ஸ் ஒன்றை விளக்கி எழுதினார். மேகங்களைப் படமெடுக்க அவர் வானத்தைப் பார்த்து வைத்ததைத்தான், நாம் இன்று தரையைப் பார்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

●

மீன்கண் கேமராவுக்கு ஏன் இத்தனை காட்சி முறைகள்? ஒன்றே போதாதா?

போதாது. 180 பாகைக் காட்சியை, நேர்கோடு எதுவும் வளையாமல் தட்டையான ஒரே படத்தில் காட்டுவது கணக்குப்படியே முடியாத காரியம். அதற்கு முடிவே இல்லாத அகலம் கொண்ட திரை வேண்டும். உருண்டையான பூமியைத் தாளில் விரிக்கும்போது கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு வீங்கித் தெரிகிறதல்லவா, அதே சிக்கல்தான். எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் ஒவ்வொரு காட்சி முறையும் வேறுபடுகிறது.

●

வட்டக் காட்சி: லென்ஸ் பிடித்ததை அப்படியே காட்டும் மூலப் படம். ஓரத்தில் நிற்பவர்கள் வளைந்தும் சாய்ந்தும் தெரிவார்கள். பார்க்க அழகில்லைதான். ஆனால் எதுவும் விடுபடாத ஒரே முறை இதுதான்.

●

பனோரமா என்பது அந்த வட்டத்தை ஓர் இடத்தில் வெட்டி, வளையலை நிமிர்த்துவதுபோல் நீளப் பட்டையாக்குவது. ஆட்கள் நிமிர்ந்து நிற்பார்கள், வாசல் முதல் கடைக்கோடிச் சுவர் வரை ஒரே வரிசையில் தெரியும். விலை என்ன தெரியுமா? கேமராவுக்கு நேர் கீழே இருக்கும் தரை. வட்டத்தின் நடுப்புள்ளியாக இருந்தது, பட்டையின் அடியோரம் முழுக்க இழுபட்டுக் கிடக்கும். நேர் கீழே மேசை போட்டுப் பணம் எண்ணினால், பனோரமாவில் கை எது, நோட்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, வெட்டு விழும் இடம். அந்தக் கோட்டைக் கடந்து நடப்பவர் பட்டையின் வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் முளைப்பார். வெட்டு சரியாக வாசலில் விழுந்தால், உள்ளே வந்தவர் வெளியே போனவராகவே தோன்றுவார். காட்சியைச் சுழற்றி, வெட்டை ஆள் நடமாட்டமில்லாத சுவருக்குக் கொண்டுபோகப் பல செயலிகளில் வழி உண்டு. விரலால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பலரும் இதைச் செய்வதில்லை.

●

சிதறால் மலைக்கோவிலுக்குப் போகிறவர்கள் செல்போனில் பனோரமா எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். திருச்சாணத்து மலை என்ற பழம்பெயர் கொண்ட அந்தக் குன்றின் மேல், குடைபோல் கவிந்து நிற்கும் பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தலைக்கு மேல் நாகம் படம் விரித்த பார்சுவநாதர் இருக்கிறார், சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை இருக்கிறாள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. 9-ஆம் நூற்றாண்டின் சமணப் பள்ளி அது.

அந்த வரிசைக்கு முன்னால் நெருங்கி நின்று போனை இடமிருந்து வலமாக ஓட்டிப் பாருங்கள். நேராக ஓடும் சிற்ப வரிசை படத்தில் நடுவில் பருத்து, இரு முனைகளிலும் ஒடுங்கி, வில்லாக வளைந்து வரும். பாறை வளையவில்லை, பனோரமா வளைத்தது. நிற்கும் கோட்டை நேராக வைத்துக்கொண்டு, படுக்கும் கோட்டை வளைப்பது அதன் இயல்பு. கடைக் கேமராவில் ரேக்குகள் வளைந்து தெரிவதும் இதனால்தான். கேமரா பழுதென்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

●

இரட்டைப் பனோரமாவில் 180 பாகை மேலே ஒரு பட்டை, 180 பாகை கீழே ஒரு பட்டை. நீளமான வராந்தாவுக்கும் கல்யாண மண்டபப் பந்திக்கும் இது பொருந்தும். மேல் பட்டையில் மறைபவரைக் கீழ்ப் பட்டையில் தேடப் பழக ஒரு நாள் போதும்.

●

நாலு பெட்டிக் காட்சியில் திரை நான்காகப் பிரியும். ஒவ்வொரு பெட்டியும் வட்டத்தின் ஒரு பகுதியை எடுத்து, நேர்கோடுகளை நேராக்கி, தனிக் கேமராபோலக் காட்டும். விரலால் இழுத்தால் திரும்பும், விரித்தால் பெரிதாகும். உண்மையில் எதுவும் திரும்புவதில்லை. பதிவான புள்ளிகளைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. புதிதாக ஒரு புள்ளிகூடச் சேராது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்தால், ஒரே ஆள் இரண்டு பெட்டியிலும் வருவார். இடைவெளி விட்டால், அந்த இடைவெளியில் நடப்பது எந்தப் பெட்டியிலும் வராது.

●

சித்தப்பா கடையில் நடந்தது இதுதான். ஒட்டுப்பால் எனப்படும் ரப்பர் கழிவு நிறைத்த சாக்கு ஒன்று தூண் ஓரம் இருந்தது, மறுநாள் காலை இல்லை. பதிவை ஓடவிட்டோம். வாசல் ஒரு பெட்டி, தராசு ஒரு பெட்டி, கல்லா ஒரு பெட்டி, ஷீட் அடுக்கியிருக்கும் மூலை ஒரு பெட்டி. தூண் எதிலும் இல்லை.

“மக்கா, சாக்கு இஞ்சதான் இருந்து. இந்த நாலு பெட்டியிலயும் காணல்லியே?”

வட்டத்தைத் திறந்து பார்க்கலாம் என்று தேடினேன். வட்டமே இல்லை. பொருத்தியவர், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நாலு பெட்டிக் காட்சியையே பதிவுக்கும் அனுப்பும்படி கேமராவை அமைத்துவிட்டுப் போயிருந்தார். சாக்கை எடுத்த ஆளை லென்ஸ் பார்த்தது, சென்சாரும் பார்த்தது. வன்தட்டுக்கு மட்டும் அவர் போய்ச் சேரவில்லை.

இதைத்தான் மீன்கண் கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்ல விரும்புகிறேன். பதிவாக வேண்டியது வட்டம். நிமிர்த்துவது பார்க்கும்போது செய்துகொள்ளும் வேலை. வட்டம் கையில் இருந்தால், பத்து நாள் கழித்தும் பழைய பதிவுக்குள் போய்ப் பெட்டியைத் தூண் பக்கம் திருப்பலாம். பெட்டிகள் மட்டும் பதிவாகியிருந்தால் திருப்ப ஒன்றும் இருக்காது. உங்கள் கேமராவில் நிமிர்த்தும் வேலை கேமராவுக்குள் நடக்கிறதா, பார்க்கும் செயலியில் நடக்கிறதா என்று பொருத்துகிறவரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

●

‘12 மெகாபிக்சல்’ என்று பெட்டியில் போட்டிருப்பது முழுவதும் வட்டத்துக்குக் கிடைக்காது. 4000-க்கு 3000 புள்ளிச் சென்சாரில் 3000 புள்ளி விட்டமுள்ள வட்டம் விழுந்தால், அதற்குள் இருப்பது சுமார் 70 லட்சம் புள்ளிகள். மீதி கறுப்பு ஓரம். அந்த 70 லட்சமும் அறை முழுக்கப் பங்குபோடப்படும்.

முகத்தை வைத்து அந்நியரை அடையாளம் காட்ட, மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராவுக்கான 2014-ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தர அளவு. இந்தக் கேமராவில் அது ஏறக்குறைய 4 மீட்டர் தொலைவுக்குள் முடிந்துவிடும். 10 மீட்டருக்கு அப்பால் யாரோ நடக்கிறார் என்று தெரியும், யாரென்று தெரியாது. ஆகவே வாசலில், முக உயரத்தை ஒட்டி, சாதாரணக் கேமரா ஒன்று கட்டாயம் வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் இது இன்னும் அவசியம். வராந்தாக் கூரையிலிருந்து பார்த்தால் குடைதான் தெரியும்.

●

கூரை, சுவர், மேசை: பொருத்தும் இடத்தை அமைப்பில் சரியாகச் சொல்லாவிட்டால் எந்தக் காட்சி முறையும் கோணலாகத்தான் வரும். கூரையில் வைத்துவிட்டுச் ‘சுவர்’ என்று தேர்ந்தெடுத்தால் ஆட்கள் படுத்துக்கொண்டு நடப்பார்கள். சுவரில் வைத்தால் 360 பாகை கிடையாது, 180 பாகைதான். பல மாடல்களில் இந்த அமைப்பை மாற்றினால் கேமரா ஒருமுறை அணைந்து எழும். பயப்பட வேண்டாம்.

●

மின்விசிறி! கூரையோடு ஒட்டிய கேமராவுக்கு, கம்பியில் தொங்கும் விசிறி இறக்கை பெரிய மறைப்பு. சுழலும்போதெல்லாம் அசைவு எச்சரிக்கையும் அடித்துக்கொண்டே இருக்கும். குழாய்த் துண்டு போட்டு, இறக்கை மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பொருத்துங்கள்.

●

போனில் பார்க்கும்போது முகம் மங்கலாக இருக்கிறதா? செயலி டேட்டாவை மிச்சம் பிடிக்கத் துணை ஓட்டம் எனப்படும் சிறிய படத்தைக் கொண்டுவந்திருக்கும். சிறிய வட்டத்தை நிமிர்த்தினால் மங்கத்தானே செய்யும்? ‘எச்டி’ என்பதைத் தொட்டு முதன்மை ஓட்டத்துக்கு மாறிவிட்டு, அப்புறம் பெட்டியை விரியுங்கள்.

●

விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 86 ஜிபி ஆகும். 2 டிபி வன்தட்டு ஏறக்குறைய 23 நாள் தாங்கும். அதன்பின் பழையது அழிந்து புதியது ஏறும்.

எத்தனை நாள் என்பது தட்டின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் மரணங்களை விசாரிக்க அந்தக் காவல் நிலையத்துக்குப் போன நீதித்துறை நடுவர், வன்தட்டில் 1 டிபி இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அமைப்புப் பட்டியலில் ஒரே ஒரு வரி அது. அதே ஆண்டு டிசம்பர் 2-ல், காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வரை காக்க வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் கருவியில் அந்த வரி என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா?

●

பதிவைக் காவல் நிலையத்துக்குக் கொடுக்க நேர்ந்தால், நிமிர்த்திய துண்டை மட்டும் கொடுக்காதீர்கள். அங்குள்ள கணினியில் சாதாரண வீடியோ செயலி வட்டத்தைத்தான் காட்டும் என்பதால், மூல வட்டப் பதிவு, நிமிர்த்திய துண்டு, அந்தக் கேமராவுக்குரிய பிளேயர் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ‘ஹாஷ்’ எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுங்கள்.

●

எல்லாப் பக்கமும் பார்க்கும் கண், பக்கத்து வீட்டுக் கிணற்றடியையும் பார்க்கும். அந்தப் பகுதியை மறைக்கும் கறுப்புத் திரையை மூல வட்டத்தின் மேலேயே வரைந்துவிடுங்கள். வரைந்தபின் ஒவ்வொரு காட்சி முறையாக மாற்றி, மறைப்பு நிற்கிறதா என்று சோதியுங்கள்.

●

சித்தப்பா கடையில் இப்போது வட்டம் பதிவாகிறது. கல்லா அருகில் உள்ள திரையில் பனோரமா ஓடுகிறது, வெட்டு காலண்டர் தொங்கும் சுவரில். வாசலுக்குத் தனிக் கேமரா வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடை அடைக்குமுன் ஒரு பழைய பதிவை எடுத்து, வட்டத்துக்குள் பெட்டியைத் தூண் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஷட்டரை இறக்குகிறார்.