கரை மறைந்ததும் மாறிவிடும் சட்டம்

அமெரிக்கப் பள்ளிகளில் மார்ச் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ஏதேனும் ஒரு வாரம் விடப்படும் ‘ஸ்பிரிங் பிரேக்’ எனும் வசந்தகால விடுமுறை, ஃபுளோரிடா மாநிலத்தின் மியாமி, ஃபோர்ட் லாடர்டேல், கனாவெரல் ஆகிய துறைமுகங்களுக்கு அறுவடைக் காலமாக அமைகிறது. விடுமுறை வாரம் ஊருக்கு ஊர் மாறுவதால் கூட்டம் ஒரே மூச்சில் வந்து வடிந்துவிடுவதில்லை என்பதும், அந்த நாள்களில் சொகுசுக் கப்பல்களின் கட்டணம் எகிறிவிடுகிறது என்பதும் பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்திருப்போர் அறிந்தவையே. எந்தத் தளத்தில் அறை எடுக்கலாம், எந்தத் தீவில் இறங்கலாம் என்பன பற்றி விளம்பரங்கள் போதுமான அளவு பேசிவிட்டன. கப்பல் கரையை விட்டு நீங்கிய பின் அந்தக் குடும்பத்தை ஆள்வது எந்தச் சட்டம் என்பதைத்தான் அவை பேசாமல் விடுகின்றன.

இத்தகைய பயணம் குடும்பங்களை ஈர்ப்பதில் வியப்பேதும் இல்லை. 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணத்தைத் தொடங்கிய ஒரு கப்பல் 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் உடையது. அறைக்கு இருவர் என்னும் வழக்கமான கணக்கில் 5,610 பேரும், எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேரும் அதில் தங்கலாம். இவ்விரு எண்களுக்கும் இடையிலான ஏறத்தாழ 2,000 பேரில் பெரும்பகுதியினர், பெற்றோரின் கட்டிலுக்கு மேலே சுவரிலிருந்து இறக்கப்படும் பெர்த்துகளிலும் சோபாவை விரித்தால் கிடைக்கும் படுக்கைகளிலும் உறங்கும் பிள்ளைகளே ஆவர் என்பதால், கப்பல் அந்த உச்ச எண்ணிக்கையை நெருங்குவதும் பள்ளி விடுமுறை நாள்களில்தான். நீச்சல்குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளில், நம்மூர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலவே, விடியற்காலையிலேயே துண்டை விரித்து அதன் மேல் கிளிப் மாட்டிவிட்டுச் சிற்றுண்டிக்குப் போய்விடுவோரும் அப்போது பெருகிவிடுகின்றனர்.

மியாமியில் ஏறி மியாமியிலேயே இறங்கும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களும் பஹாமாஸின் நசாவ் நகரையோ அருகிலுள்ள தீவுகளையோ தொட்டுவிட்டு வருவதற்குக் கடற்கரையின் அழகு மட்டும் காரணமன்று. வெளிநாட்டில் பதிவு பெற்ற கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 1886 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு இணங்கி நடக்க வேண்டுமானால் பயணத்தின் இடையே ஓர் அயல்நாட்டுத் துறைமுகம் வந்தாக வேண்டும். அமெரிக்கப் பயணிகளை நம்பியே ஓடும் பெருங்கப்பல்கள் ஏன் வெளிநாட்டில் பதிவாகின்றன என்ற கேள்விக்கு விடை ‘வசதிக் கொடி’ என்னும் ஏற்பாட்டில் கிடைக்கிறது. வரியும் தொழிலாளர் விதிகளும் தமக்குச் சாதகமாக உள்ள பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் கப்பலைப் பதிவு செய்து, அந்நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு, தொழிலை மட்டும் வேறிடத்தில் நடத்துவதே அந்த ஏற்பாடாகும். அக்கொடியைப் பின்புறத்தில் சுமந்தபடிதான் ஃபுளோரிடாக் கரையிலிருந்து கப்பல் கிளம்புகிறது. அதை நிமிர்ந்து பார்க்கும் பயணி அரிது.

கொடியைக் காட்டிலும் கூர்ந்து நோக்கத்தக்கது பயணச்சீட்டு ஒப்பந்தம். பணம் கட்டும்போது திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டு ஏற்றுக்கொள்ளப்படும் அந்த நீண்ட ஆவணத்தில், காயம் பற்றிய வழக்கை ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்றும், அதைக் கப்பல் நிறுவனம் குறிப்பிடும் ஊரின் நீதிமன்றத்தில், பெரும்பாலும் மியாமியில், மட்டுமே தொடுக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். நாட்டின் மறுகோடியான வாஷிங்டன் மாநிலத்திலிருந்து பயணம் செய்து, மெக்சிகோவை ஒட்டிய கடலில் கப்பல் தளத்தில் வழுக்கி விழுந்து காயமுற்ற ஒரு பெண், தம் சொந்த மாநிலத்தில் வழக்காட முயன்றபோது, சீட்டில் அச்சிடப்பட்டிருந்த அந்த நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தும் என்றே அமெரிக்காவின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. பேரம் பேசவோ ஒரு சொல்லை மாற்றவோ வாய்ப்பில்லாத ஆவணத்தை ‘ஒப்பந்தம்’ என்று அழைப்பதே ஒரு நயமான புனைவுதான். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது செல்லுபடியாகிறது.

குழந்தைகளோடு பயணம் செய்வோர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் மிகக் கடுமையானது 1920ஆம் ஆண்டின் ஆழ்கடல் மரணச் சட்டமாகும். கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்கு அப்பால், பிறருடைய கவனக்குறைவால் ஒருவர் உயிரிழந்தால் அவருடைய குடும்பத்தார் என்ன கோரலாம் என்பதை அது வரையறுக்கிறது. அவர்கள் கோரக்கூடியது ‘பொருளிழப்பு’ மட்டுமே. இறந்தவர் உயிரோடிருந்தால் ஈட்டிக் கொடுத்திருக்கக்கூடிய வருமானமும் ஆதரவும் அதில் அடங்கும், குடும்பத்தின் துயரமும் பிரிவும் அடங்கா. கடலில் உயிரிழந்த மாலுமியின் மனைவிக்கு ஏதேனும் வழி செய்யும் நோக்கத்தோடு, வருமானம் ஈட்டும் ஆண்மகனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டத்தை எட்டு வயதுச் சிறுமிக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் பொருத்தும்போது, இருவருக்கும் சம்பளம் இல்லை என்பதால் இழப்பீடு ஈமச்செலவைத் தாண்டுவதே அரிதாகிவிடுகிறது. விமான விபத்துகளைப் பொறுத்தவரை இந்தக் குறை 2000ஆம் ஆண்டில் ஓரளவு திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் கப்பல் பயணிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாலையில் புறப்படும் கப்பல், பயணிகள் இரவு உணவுக்கு அமர்வதற்குள்ளாகவே அந்த மூன்று மைல் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இதைக் கண்முன் நிறுத்திக்கொண்டு நீச்சல்குளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் கவலை இன்னும் கூடும். உயிர்காப்பாளர்களை அமர்த்தியுள்ள கப்பல்கள் இருக்கின்றன. அமர்த்தாமல், இங்கு உயிர்காப்பாளர் இல்லை, பொறுப்பு பெற்றோருடையது என்ற பலகையை மட்டும் மாட்டியுள்ள கப்பல்களும் இருக்கின்றன. விடுமுறை வாரத்தில் தோளோடு தோள் உரச நிற்கும் கூட்டத்துக்கு நடுவே, இசைக் குழுவின் இரைச்சலில், ஒரு குழந்தை ஓசையின்றி நீருக்குள் போவதை நான்கடி தொலைவில் நிற்பவரும் கவனிக்காமல் போகலாம். நீரில் மூழ்கும் குழந்தை கையசைத்துக் கத்துவதில்லை என்பது உயிர்காப்புப் பயிற்சியின் பாலபாடம். கரையிலுள்ள பொதுக் குளங்களுக்குப் பல மாநிலங்கள் விதிக்கும் கட்டுப்பாடுகள் பஹாமாஸ் கொடியேற்றிய கப்பலின் பன்னிரண்டாம் தளம் வரை எட்டுவதில்லை. தளத்தின் கைப்பிடி வேலி 42 அங்குல உயரமேனும் இருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று வலியுறுத்துகிறது. பால்கனியில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் சிறுவனுக்கு அந்த உயரம் ஒரு தடையே அன்று.

ஒழுங்கு முறைகள் அறவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்த கப்பலில் 32 பேர் இறந்தனர். அன்று மாலையில் ஏறிய பயணிகள் பலருக்கு எந்த இடத்தில் கூட வேண்டும் என்றுகூட அதுவரை சொல்லப்பட்டிருக்கவில்லை. அதன் பிறகே, ஆபத்தின்போது கூடுமிடத்தை அறியும் ‘மஸ்டர்’ பயிற்சியைக் கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்ட உடனேயோ முடிக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறு பிள்ளைகளின் மணிக்கட்டில் அந்தக் கூடுமிடத்தின் எண் பொறித்த பட்டையைக் கட்டி அனுப்பும் வழக்கமும் கப்பல்களில் உண்டு. அதைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளைக் குளத்தில் இறக்கும் பெற்றோரும் உண்டு.

அமெரிக்காவில் பணி விசாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எச்-1பி நீட்டிப்புக்கான ஒப்புதல் தாள் கையில் இருப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடுவது எளிது; ஆனால் அத்தாள் நாட்டுக்குள் தங்குவதற்கானது, திரும்பி நுழைவதற்குக் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் விசா முத்திரை வேண்டும். முத்திரை காலாவதியானவர்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்கு மிகாமல் சென்று திரும்ப அனுமதிக்கும் சலுகை, எச்-1பி குடும்பங்களைப் பொறுத்தவரை பஹாமாஸ் போன்ற தீவுகளுக்குப் பொருந்தாது. ‘ஸ்டாம்பிங்’ முடிக்காமல் மூன்று நாள் கப்பல் பயணம்தானே என்று ஏறியவர், திரும்பும் காலையில் மியாமி துறைமுகத்தின் குடிநுழைவு மேசையில் மாட்டிக்கொள்ள நேரலாம். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைக்கு நிலைமை வேறு: புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்தில் பதினாறு வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழோடு திரும்பலாம் என்பதால், பாஸ்போர்ட் எதற்கு என்று பலர் எடுப்பதில்லை. குடல்வால் அழற்சி கண்ட அந்தப் பிள்ளையை நசாவ் மருத்துவமனையில் இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டால், அங்கிருந்து விமானம் ஏறப் பிறப்புச் சான்றிதழ் போதாது. கப்பல் மருத்துவரின் கட்டணமும் ஹெலிகாப்டரில் கரை சேர்க்கும் செலவும் வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் அடங்குகின்றனவா என்பதை முன்பே கேட்டறிந்தவர்கள் சிலரே; ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு எடுக்கப்படும் பார்வையாளர் காப்பீடு நடுக்கடலில் செல்லுமா என்பதும் அவ்வாறே.

ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் கப்பலேறி எந்தத் தீங்குமின்றித் திரும்புகின்றனர், ஒரே முறை பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு மூன்று தலைமுறையும் சேர்ந்து ஓய்வெடுக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்று இத்தொழிலை ஆதரிப்போர் கூறுவர், அதுவும் உண்மையே.

இந்த விடுமுறைக்கு முன்பணம் கட்டியிருப்போர் பயணச்சீட்டு ஒப்பந்தத்தில் வழக்குக்கான காலக்கெடுவும் நீதிமன்ற ஊரும் குறிக்கப்பட்ட பத்திகளையாவது படித்துவிட வேண்டும். பெரியவர்களின் விசா முத்திரைத் தேதியைப் பார்த்து, பிள்ளைகள் உட்பட அனைவருக்கும் பாஸ்போர்ட் எடுத்து, அவசர வெளியேற்றச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளத்தில் பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும் கைப்பேசியைப் பார்க்காத பெரியவர் ஒருவரை முறைவைத்துக் கரையில் அமர்த்த வேண்டும்.